எல்லம்மாவின் நாக்கு

பழவேற்காட்டு ஏரியின் தென்கரையில், பொன்னேரியிலிருந்து வரும் பாதை மணலில் புதைந்து காணாமல் போகிற இடத்தில் ஒரு குப்பம் இருந்தது. அங்கே போய் எல்லம்மா வீடு எது என்று கேட்டால், எந்த எல்லம்மா என்று திருப்பிக் கேட்பார்கள். குப்பத்தில் நாலு எல்லம்மா. சினை எல்லம்மா என்று சொல்லிவிட்டால் போதும், நேற்றுப் பேசக் கற்ற குழந்தை கூட வழிகாட்டும். அவ்வளவு பேர் வாங்கியவள் அவள். அந்தப் பேரை வாங்கிக் கொடுத்தது அவளுடைய நாக்கு.

சினை என்பது மீனின் முட்டைப்பை. குப்பத்து ஆண்கள் உப்புத் தண்ணீரில் வலை போடுவதோடு நிற்காமல், பொன்னேரி, கவரப்பேட்டைப் பக்கத்து நல்ல தண்ணீர் ஏரிகளிலும் குத்தகைக்கு இறங்கி மீன் பிடித்து வருவார்கள். அந்த ஏரி விராலின் சினைக்கு டவுனில் நல்ல கிராக்கி. பெண்கள் அதை அலசி, வாயகன்ற பானையில் கல்லுப்பு ஓர் அடுக்கு, சினை ஓர் அடுக்கு என்று போட்டு மூடி வைப்பார்கள். மறுநாள் காலையில் திறக்கிற நிலைக்கு அரை உப்பு என்று பெயர். அப்போதுதான் முடிவு எடுக்க வேண்டும். உப்பு போதவில்லை என்றால் வெயிலில் போட்ட இரண்டாம் நாளே நாறிவிடும். கூடிப்போனால் கசந்து வெடித்துவிடும். இதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. சினையில் ஒரு கிள்ளு கிள்ளி நாக்கில் வைத்துத்தான் சொல்ல முடியும்.

எல்லம்மா கிள்ளி வைப்பாள். கண்ணை மூடுவாள். ஏழெட்டுப் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு அவள் வாயையே பார்ப்பார்கள். காயப் போடு என்றால் காயப் போடுவார்கள், இன்னும் ரெண்டு பிடி என்றால் உப்பைத் தூவுவார்கள். பதினெட்டு வயதில் மாரியப்பனைக் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து தன் நாக்கு ஒரு தடவை கூடப் பிசகியதில்லை என்று அவள் சொல்லிக்கொள்வாள். ஒரு தடவை பிசகியது என்று சொன்னவளும் ஒருத்தி உண்டு. அவள் சின்னப்பொண்ணு, மாரியப்பனின் தம்பி பெண்சாதி, எல்லம்மாவுக்கு ஓரகத்தி.

அது அறுபத்தாறாம் வருஷத்து ஐப்பசி. எல்லம்மா காயப் போடச் சொல்லிவிட்ட பானையிலிருந்து சின்னப்பொண்ணு வேண்டுமென்றே ஒரு கிள்ளு எடுத்து வாயில் வைத்து, எல்லார் முன்னாலும், "சப்புனு கீது" என்று சொல்லிவிட்டாள். அவ்வளவுதான். எல்லம்மா பதிலுக்குச் சொன்னதை எழுத முடியாது. அந்தப் பானைச் சினை நாறவும் இல்லை, பிரமாதமாகவும் இல்லை. அதனால் இரண்டு பேரும் தானே ஜெயித்ததாக நினைத்துக்கொண்டு பேச்சை நிறுத்திவிட்டார்கள். சின்னப்பொண்ணு எல்லாரும் சேர்ந்து மீன் காயப் போடும் களத்துக்கு வருவதையே விட்டுவிட்டு, தன் வீட்டு வாசலில் தனியாகக் கருவாடு போட்டாள்.

பேச்சுதான் நின்றதே ஒழிய, இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்தது ஒரே சுவர். கோழிகள் இரண்டு வாசலிலும் மேயும். நாய் பொது. டைகர் என்று பெயர் வைத்த அந்தச் செவலை நாய் காலையில் பெரிய வீட்டிலும் மாலையில் சின்ன வீட்டிலும் சாப்பிடும், நடுவில் களத்தில் வீசுகிற மீன் குடலையும் விடாது. ஓரகத்திகள் ஒருத்திக்கொருத்தி சொல்ல வேண்டியதையெல்லாம் அந்த நாயிடம்தான் சொன்னார்கள். டைகரு, உன் சின்னம்மா ஊட்டுக் கோழி எங்க அரிசியத் தின்னுது பார். டைகரு, கோழி இன்னா எழுதப் படிக்கத் தெரிஞ்சதான்னு உன் பெரியம்மாவைக் கேளு. டைகர் இரண்டு பேரையும் பார்த்து வாலை ஆட்டும். ஆறு வருஷம் இப்படியே ஓடியது என்றால் நம்பமாட்டீர்கள். எனக்கே சிரிப்பு வருகிறது, ஆனால் நடந்தது அதுதான்.

எழுபத்தொன்றாம் வருஷம் தொடங்கும்போது எல்லம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனது. முதலில் அசதி. ஒரு குடம் தண்ணீர் தூக்கினால் மூச்சு வாங்கியது. பாதத்தில் எறும்பு ஊர்வது மாதிரி இருந்தது. முகம் வெளுத்துப்போனதைப் பார்த்தவர்கள் யார் கண்ணோ பட்டுவிட்டது என்று சுற்றிப் போட்டார்கள். பிறகு நாக்கு போனது. மழமழவென்று சிவந்து, காரம் பட்டால் எரிந்தது. கஞ்சியும் குழம்பும் ஒன்றாகவே இருந்தன.

அதற்குப் பிறகு ஒரு காலையில், கரையோரம் ஒதுங்கிய இடத்தில், தன் வயிற்றிலிருந்து ஒரு வெள்ளை நாடா வெளியே வந்ததைப் பார்த்தாள். தட்டையாக, மடிப்பு மடிப்பாக, ஒரு சாண் நீளம். நாளெல்லாம் மீனின் வயிற்றைக் கீறிக் குடலை உருவுகிறவள் அவள். வயிற்றிலிருந்து நீளமாக எது வந்தாலும் அது குடல்தான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. தன் குடல் அறுந்து அறுந்து விழுகிறது என்று முடிவு கட்டிவிட்டாள். மணலைத் தள்ளி மூடிவிட்டு வீட்டுக்கு வந்து யாரிடமும் மூச்சு விடவில்லை.

யாரிடம் சொல்வது? மாரியப்பனிடம் சொல்லக் கூச்சம். களத்துப் பெண்களிடம் சொன்னால், அழுகின குடல்காரி கை வைத்த சினை என்று ஆகிவிடும். அடுத்தடுத்து வந்தபோதெல்லாம் கண்ணால் அளந்து மனசுக்குள் கூட்டிக்கொண்டாள். ஆடி மாதம் பெரியபாளையம் கோயிலில் ஆடு அறுத்தபோது, அதன் குடலைப் போட்டிருந்த இடத்தில் வெகுநேரம் நின்று பார்த்தாள். ஓர் ஆட்டுக்கே இத்தனை முழம் என்றால் தனக்கு இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கும் என்று ஆறுதல் பட்டுக்கொண்டாள். மிச்சம் இருப்பதை நிறுத்திக் கொடுத்தால் வேப்பிலை கட்டிக்கொண்டு கோயிலைச் சுற்றி வருகிறேன் என்று பவானி அம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். அம்மன் கேட்டாளோ இல்லையோ, நாடா நிற்கவில்லை.

ஐப்பசியில் சினை வந்தது. எல்லம்மா வழக்கம்போல உட்கார்ந்து, கிள்ளி, நாக்கில் வைத்து, கண்ணை மூடினாள். ஒன்றும் தெரியவில்லை. மணலை வைத்த மாதிரி இருந்தது. பெண்கள் காத்திருந்தார்கள். காயப் போடு என்று குத்துமதிப்பாகச் சொல்லிவிட்டாள். மூன்று பானைச் சினையும் நாறிப்போனது. கீழே கொட்டியதை டைகர் கூட முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. பெண்கள் பானைகளைக் கழுவக் கொண்டு போனார்கள். திட்டியிருந்தால் தேவலாம் என்று எல்லம்மாவுக்குத் தோன்றியது.

தான் போய்விட்டால் களத்தில் உப்பு பார்க்க யார் இருக்கிறார்கள் என்று யோசித்தாள். எத்தனை பேரை நினைத்துப் பார்த்தாலும், நாக்கு என்று ஒன்று இருப்பவள் சின்னப்பொண்ணு ஒருத்திதான். அதை ஒப்புக்கொள்ள அவளுக்கு முழுசாக இரண்டு நாள் ஆனது. மூன்றாம் நாள் காலை சுவரோரம் போய் நின்று நாயைக் கூப்பிட்டாள்.

"டைகரு, இன்னிலருந்து களத்துல உப்பு பாக்கிற எடத்துல உன் சின்னம்மாளக் குந்தச் சொல்லு."

சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றது. பெரியம்மாவுக்கு உடம்புக்கு என்ன என்று டைகரைக் கேட்கச் சொல்லி ஒரு குரல் வந்தது. உடம்புக்கு ஒன்றும் இல்லை, சலித்துப் போய்விட்டது என்று எல்லம்மா டைகரிடம் சொல்லி அனுப்பினாள். அன்றைக்கே சின்னப்பொண்ணு களத்துக்கு வந்து அந்த இடத்தில் உட்கார்ந்தாள். எல்லம்மா பானை கழுவுகிற பக்கம் போய்விட்டாள். வேலை பழையபடி ஓடியது.

எழுபத்திரண்டு சித்திரையில் கோழிகளுக்கு வெள்ளைக்கழிச்சல் ஊசி போட ஆராவமுதன் வந்தார். அவர் மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டர். திருவள்ளூர்க்காரர். அவர் வீட்டார் தலைமுறை தலைமுறையாக வீரராகவப் பெருமாள் கோயில் கைங்கரியம் செய்கிறவர்கள். இவர் மட்டும் தப்பித்து வந்து ஆட்டு வாயையும் மாட்டு வாலையும் பிடித்துக்கொண்டிருந்தார். மீன் குப்பத்துக்கு வரும் நாளில் தயிர்சாதத் தூக்கைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு, காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து, நாற்றம் எட்டாத மரமாகத் தேடிப் போய்ச் சாப்பிடுவார். எல்லாரும் அவரை ஐயரே என்பார்கள். நான் ஐயங்கார் என்று அவரும் பத்து வருஷமாகத் திருத்திக்கொண்டிருந்தார். அலுத்துக்கொள்வாரே தவிர, ஒரு வீட்டுக் கோழியையும் விட்டுவிட்டுப் போகமாட்டார்.

அந்த வருஷம் டைகர் எலும்பும் தோலுமாக இருந்தது. மாரியப்பன் அதைப் பிடித்துக்கொண்டு போய், எவ்வளவு தின்றாலும் உடம்பில் ஒட்டவில்லை என்றான். ஆராவமுதன் நாயின் கண்ணைப் பார்த்தார், வாலைத் தூக்கிப் பார்த்தார். கொட்டைப்பாக்குத் தூளை நிறுத்து எடுத்து, வெல்லத்தில் உருட்டி, தொண்டைக்குள் தள்ளினார். அரை மணி நேரம் கட்டி வைக்கச் சொன்னார். அந்த அரை மணி முடிவதற்குள் டைகர் முக்கி முனகி, வேலியோரமாக ஒரு நீள வெள்ளை நாடாவை வெளியே தள்ளியது.

வேலிக்கு இந்தப் பக்கம் கோழியைக் கையில் பிடித்தபடி நின்ற எல்லம்மா அதைப் பார்த்தாள். அதே வெள்ளை. அதே மடிப்பு. கோழி கையிலிருந்து நழுவி ஓடியது.

"சாமி, நாய்க்குக் குடல் அறுந்துகினு வருதே" என்றாள்.

ஆராவமுதன் சிரித்துவிட்டார். "குடலாவது! இது பூச்சிம்மா. நாடாப்புழு. களத்துல பச்சை மீன் குடலைப் போட்டுடறேள், இது தின்னுடறது. மீன்ல இருக்கிற குட்டிப் பூச்சி இது வயத்துல போய் இவ்வளவு நீளம் வளர்ந்துடறது. சாப்பிடறதெல்லாம் அதுக்குத்தான் போறது."

எல்லம்மா வேலிக் கழியைப் பிடித்துக்கொண்டாள். நாய்க்கு மட்டும்தான் வருமா என்று கேட்டாள். பூனைக்கு வரும், பன்றிக்கு வரும், மனுஷாளுக்கும் வரும் என்றார் அவர். தனக்குத் தெரிந்த ஒருத்திக்கு இது மாதிரி வருகிறதாம், ஒரு வருஷத்துக்கு மேலாக வருகிறதாம், அவள் குடல் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்று எல்லம்மா தரையைப் பார்த்துச் சொன்னாள்.

ஆராவமுதன் அவளை நிமிர்ந்து பார்த்தார். வெளுத்த நகத்தைப் பார்த்தார், வெளுத்த உதட்டைப் பார்த்தார். யார் அந்த ஒருத்தி என்று கேட்கவில்லை. மனுஷர் அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டதற்காகவே அவருக்கு நூறு தயிர்சாதம் கட்டிக் கொடுக்கலாம்.

"அந்த ஒருத்தியை நாளைக்கே மெட்ராஸ்ல பெரியாஸ்பத்திரிக்குப் போகச் சொல்லு. என்கிட்ட இருக்கிறது மாட்டு மருந்து, மனுஷாளுக்குக் கொடுக்கப்படாது. இதனால சாகமாட்டா, பயப்பட வேண்டாம்னும் சொல்லு."

எல்லம்மா சரி என்று தலையாட்டிவிட்டு உள்ளே போய், கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு வருஷத்து அழுகையையும் சேர்த்து அழுதாள். சாவு இல்லை. குடல் முழுசாக இருக்கிறது. இதைவிடப் பெரிய சந்தோஷம் அவள் கல்யாணத்தன்று கூட இல்லை.

மாரியப்பனிடம் அன்றைக்கே எல்லாவற்றையும் சொன்னாள். மறுநாள் விடிந்ததும் அவன் பொன்னேரியில் ரயில் ஏற்றி அழைத்துப் போனான். ஆஸ்பத்திரியில் ஒரு லேடி டாக்டர் பொறுமையாகக் கேட்டாள். நாக்கை நீட்டச் சொன்னாள், பாதத்தில் ஊசி முனையால் தொட்டு, தெரிகிறதா என்றாள். வேகாத மீன் சாப்பிடுகிற பழக்கம் உண்டா என்றும் கேட்டாள். எல்லம்மாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"நாங்க இன்னா பூனையா டாக்டரம்மா? எங்க ஊட்ல மீனு வெந்தப்புறமும் இன்னொரு கொதி உட்டுத்தான் எறக்குவோம்."

டாக்டர் பழக்கம் இல்லை என்று எழுதிக்கொண்டாள். எல்லம்மா பொய் சொல்லவில்லை, அதை இங்கே சொல்லிவிட வேண்டும். குப்பத்தில் பச்சை மீன் தின்கிற மனுஷப் பிறவி ஒன்றுகூடக் கிடையாது.

வெறும் வயிற்றில் நாலு மாத்திரையை மென்று விழுங்கச் சொன்னார்கள். மறுநாள் பூச்சி வெளியே வந்தது. எனாமல் தட்டில் போட்டு அளந்தால் ஒரு புடவை நீளம். இந்தப் பூச்சி ரத்தத்துக்கு வேண்டிய சத்தை உறிஞ்சிவிடும், அதனால்தான் வெளுப்பும், கால் மரப்பும், நாக்கு போனதும் என்று டாக்டர் விளக்கினாள். ரத்தம் மாதிரியே சிவப்பாக ஓர் ஊசியைப் பத்து நாள் போட்டார்கள்.

திரும்பி வந்த அன்று பொன்னேரி ஸ்டேஷனில் மாரியப்பன் அவளுக்கு மாங்காய்க் கீற்று வாங்கிக் கொடுத்தான். மிளகாய்த்தூளும் உப்பும் தடவியது. ஒரு கடி கடித்துவிட்டு எல்லம்மா அப்படியே நின்றாள். புளிப்பு தெரிந்தது. காரம் தெரிந்தது. அதற்கெல்லாம் அடியில், நன்றாக, தெளிவாக, உப்பு தெரிந்தது. உப்பு ஒரு சிட்டிகை கூட என்று மாங்காய்க்காரியிடமே சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு நடந்தாள். மாங்காய்க்காரி என்ன நினைத்தாளோ தெரியாது.

ஆனியில் விரால் சினை வந்தது. எல்லம்மா களத்துக்கு வந்ததும் சின்னப்பொண்ணு எழுந்து அந்த இடத்தை விட்டுக் கொடுத்தாள். பெண்கள் பானையைத் திறந்து அவள் முன்னால் வைத்தார்கள். எல்லம்மா கிள்ளினாள். வாய்க்குக் கொண்டு போனாள்.

டைகர் எதிரில் உட்கார்ந்து அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. மீன் அறுக்கும்போது குடலுக்காகக் காத்திருக்குமே, அந்தப் பார்வை.

கை பாதியில் நின்றது. பச்சை மீன் குடலை இது தின்னுடறது என்று ஆராவமுதன் சொன்னது ஞாபகம் வந்தது. டாக்டரம்மாவின் கேள்வி ஞாபகம் வந்தது. நாங்க இன்னா பூனையா என்று தான் எகிறியதும் ஞாபகம் வந்தது. பச்சையாகத் தின்பதில்லை, சரி. தினம் பத்துப் பானையில் பத்துக் கிள்ளு நாக்கில் வைத்து எச்சிலோடு விழுங்கியது என்ன கணக்கு? பதினேழு வருஷமாக அதைத் தின்பது என்று அவள் நினைத்ததே இல்லை. குப்பத்தில் யாருமே நினைத்ததில்லை. வாயை நிரப்பினால்தானே சாப்பாடு, நாக்கில் வைப்பது வேலை.

தலை சுற்றுகிறது என்று சொல்லிவிட்டு எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டாள். அவளுக்குப் பின்னால் சின்னப்பொண்ணு மறுபடி அந்த இடத்தில் உட்கார்ந்ததைத் திரும்பிப் பார்க்காமலே தெரிந்துகொண்டாள்.

மாரியப்பன் முழுதும் கேட்டுவிட்டு, வாயைத் திறக்காதே என்றான். டவுனில் சினை வாங்குகிறவர்கள் காதில் பூச்சி என்ற ஒரு வார்த்தை விழுந்தால் பிறகு கும்மிடிப்பூண்டி வரைக்கும் ஒருவன் வாங்கமாட்டான். காய வைத்து, எண்ணெயில் பொரித்துத் தின்கிறவனுக்கு ஒரு கெடுதலும் இல்லை என்று யாரிடம் போய் நிரூபிப்பது? இத்தனை பெண்கள் பிழைப்பில் மண்ணைப் போட்டவள் என்று உன்னைத்தான் ஏசுவார்கள். நீ பிழைத்துக்கொண்டாய், இனிமேல் நாக்கில் வைக்காதே, அவ்வளவுதான் என்றான். அவன் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. எல்லம்மாவும் இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தாள்.

மூன்றாம் நாள் மதியம் சுவருக்கு அந்தப் பக்கம் சின்னப்பொண்ணு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஊறுகாய் சப்பென்று இருக்கிறது, உப்பு எடு என்று மகள் செல்வியிடம் சொன்னாள். செல்வி உப்பு கொடுத்திருக்க வேண்டும். இன்னும் எடு என்றாள். அம்மா, இதுக்கு மேல போட்டா வாயிலயே வைக்க முடியாது என்று செல்வி சொல்வது கேட்டது.

எல்லம்மா பிசைந்த சோற்றைத் தட்டிலேயே விட்டு எழுந்தாள். தனக்கு நாக்கு போனதும் இப்படித்தானே. ஆறு வருஷம் வன்மம் வைத்தது உண்மை. அவள் வாய் அழுகட்டும் என்று மனசுக்குள் ஏசியதும் உண்மை. ஆனால் அந்த இடத்தில் கூப்பிட்டு உட்கார வைத்தது தன் கை அல்லவா? நாயைத் தூது அனுப்பிக் கூப்பிட்டது தான்தானே? தன் மேலேயே அவளுக்கு அப்படி ஓர் ஆத்திரம் வந்தது.

மறுநாள் காலை களத்தில் எல்லாரும் இருந்தார்கள். முத்தம்மாள், பச்சையம்மா, இன்னும் ஐந்து பேர். சின்னப்பொண்ணு பானை முன்னால் உட்கார்ந்து கிள்ளப் போனாள். எல்லம்மா போய்ப் பானையை மூடி, மூடியின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அதனால் நடுவிலிருந்து ஆரம்பித்தாள்.

"என் வயித்துல பூச்சி இருந்திச்சி. ஒரு பொடவ நீளம். ஒரு வருசமா துண்டு துண்டா வந்துது. கொடலுன்னு நெனச்சி மறச்சேன். நம்ம டைகருக்கு வந்ததே, அதே பூச்சி. அது பச்ச மீனத் தின்னு வந்தது, நான் பச்ச சினைய நாக்குல வெச்சி வந்தது. இனிமே யாரும் வெக்காதீங்க."

முத்தம்மாள் கையில் இருந்த உப்பு பொலபொலவென்று கீழே உதிர்ந்தது. பச்சையம்மா மெதுவாகத் தன் விரல்களை முந்தானையில் துடைத்தாள். சொல்லியிருக்கக் கூடாதோ என்று எல்லம்மாவுக்கு ஒரு நிமிஷம் தோன்றியது. மாரியப்பன் சொன்னதுதான் நடக்கப் போகிறது, இதோ எழுந்து மூஞ்சியில் துப்பப் போகிறார்கள் என்று நினைத்தாள்.

சின்னப்பொண்ணுதான் எழுந்தாள். கண் நிறைந்திருந்தது. பக்கத்தில் டைகர் படுத்திருந்தது. அவள் அதைப் பார்க்கவே இல்லை.

"எனக்கும் வருது, அக்கா" என்றாள். "தை மாசத்துலருந்து. நானும் கொடலுன்னுதான் நெனச்சிக்கினு கீறேன்."

ஆறு வருஷம் கழித்து வந்த அக்கா. எல்லம்மா அவளை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டாள். பைத்தியக்காரி, சொல்லக் கூடாதா என்று திட்டினாள், நீ சொன்னியா என்று அவள் திருப்பிக் கேட்டாள். இரண்டு பேரும் அழுதார்கள், பிறகு மற்றவர்களும் அழுதார்கள். அழுகை ஓய்ந்தபோது பச்சையம்மா, வீட்டுப் பானையில் தானும் நாக்கில் வைத்துப் பார்ப்பது உண்டு, தனக்கும் ஒரு தடவை அப்படித்தான் என்று மெல்ல ஆரம்பித்தாள்.

ஒன்பது பேருமாக மெட்ராஸுக்கு ரயில் ஏறினார்கள். அவர்களில் நாலு பேருக்குப் பூச்சி இருந்தது. அதே லேடி டாக்டர்தான் பார்த்தாள். நீ பச்சை மீன் சாப்பிடுவதில்லை என்று சொன்னாயே என்று எல்லம்மாவைக் கேட்டாள். சாப்பிடவில்லை அம்மா, உப்பு பார்த்தேன் என்றாள் எல்லம்மா. டாக்டர் சிரித்து, முன்பு எழுதியதை அடித்துவிட்டு, இதையும் கேட்க வேண்டும் என்று தெரியாமல் போயிற்று என்றாள்.

ஆராவமுதன் விஷயம் கேள்விப்பட்டு, கோழி ஊசி நாள் இல்லாத ஒரு நாளில் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தார். மூக்கைத் துணியால் மூடியபடியே களத்தைச் சுற்றி நடந்தார். குடலை வீசாமல் ஆழமாகக் குழி தோண்டிப் போட்டு மூடச் சொன்னார், நாய்க்குப் போடுவதாக இருந்தால் வேகவைத்துப் போடச் சொன்னார். மனுஷனும் நாயும் ஏரிக்கரையில் ஒதுங்கினால் பூச்சியின் முட்டை மறுபடி தண்ணீருக்கும், தண்ணீரிலிருந்து மீனுக்கும் போகும் என்று சொல்லி, நீர்ப்பிடிப்பை விட்டுத் தள்ளி ஓரிடத்தைக் காட்டினார். ஜன்மத்தில் மீனைத் தொடாத மனுஷர் மீன் வயிற்றுக்குள் இருப்பதையெல்லாம் இவ்வளவு தெரிந்து வைத்திருக்கிறாரே என்று பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். டவுனில் சினை வாங்குகிறவர்கள் ஒரு மாதம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். வறுத்துத் தின்றால் ஒன்றுமில்லை என்று ஆராவமுதனே கடை கடையாகப் போய்ச் சொன்ன பிறகு மறுபடி வந்தார்கள். பூணூல் போட்டவர் மீனுக்குச் சாட்சி சொன்னால் யார் நம்பமாட்டார்கள்?

உப்பு பார்ப்பதற்குத்தான் புது வழி தேவைப்பட்டது. எல்லம்மா களத்து ஓரத்தில் ஓர் அடுப்பு போட்டாள். கிள்ளிய சினையை நன்றாக வேகவைத்து, ஆற வைத்துப் பிறகு நாக்கில் வைத்தாள். வெந்த சினையின் உப்பு வேறு, பச்சைச் சினையின் உப்பு வேறு. பழைய கணக்கு எதுவும் ஒத்துவரவில்லை. அந்த வருஷம் இரண்டு பானை கெட்டது. நாக்கை மறுபடி முதலிலிருந்து பழக்க வேண்டியிருந்தது. ஒரே நாக்கை நம்பி இருக்க வேண்டாம் என்று எல்லம்மாவே சின்னப்பொண்ணையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். ஆடியில் இரண்டு பேரும் சேர்ந்தே பெரியபாளையம் போய், வேப்பிலை கட்டிக்கொண்டு கோயிலைச் சுற்றி வந்தார்கள்.

அடுத்த ஐப்பசியில் ஒரு காலை. எல்லம்மா வெந்த சினையை நாக்கில் வைத்து, கண்ணை மூடித் திறந்து, காயப் போடு என்றாள். சின்னப்பொண்ணு ஒரு துணுக்கு எடுத்துத் தன் நாக்கில் வைத்தாள். ஊசியெல்லாம் போட்டு முடிந்து அவளுக்கும் ருசி திரும்பியிருந்தது. மென்றாள். பெண்கள் வேலையை நிறுத்திவிட்டார்கள்.

"சப்புனு கீதுக்கா" என்றாள்.

எல்லம்மா அவளைப் பார்த்தாள். மறுபடி ஒரு துணுக்கு எடுத்து வைத்துப் பார்த்தாள். பிறகு உப்புக் கூடையில் கையை விட்டு இரண்டு பிடி அள்ளிப் பானையில் போட்டாள்.